சர்க்கரையைப் பற்றி நான் சொல்லாமல் விட்ட வரி

இன்சுலின் ஊசியை எப்படிப் போடுவது என்று உங்களுக்குச் சொல்லித்தர ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறார்கள். நான் அதை எழுதப் போவதில்லை. ஊசி போட்டுக்கொண்ட மனிதர் வீட்டுக்குப் போகிறாரே, நாம் சொன்ன சொல்லும் அவர் கூடவே போகிறது. அங்கே போய் அது என்ன வேலை செய்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். இது என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிய கதை இல்லை.

உங்களுக்கு இப்போது ஆஸ்பத்திரி உதவியாளர் என்று மரியாதையான பெயர். எங்கள் காலத்தில் டிரஸ்ஸர். டாக்டர் இங்கிலீஷில் சொல்வார், நாங்கள் நோயாளிக்குத் தமிழில் சொல்வோம். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, நோயாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நிற்கிறவன் எதைச் சேர்த்தான், எதை விட்டான் என்று கேட்க ஒருவரும் இல்லை. அந்த அதிகாரம் எவ்வளவு பெரியது என்று பல வருஷம் எனக்குத் தெரியவே இல்லை. தெரிந்த அன்று பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வீட்டுத் தரையில் ஒரு மனிதர் செத்துக்கொண்டிருந்தார்.

முப்பதுகளின் தொடக்கம் அது. இன்சுலின் இந்த நாட்டுக்கு வந்து அதிக வருஷம் ஆகவில்லை. எங்கள் சிறிய ஆஸ்பத்திரியில் அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஏழே பேர். சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சுவோம். நீலமாகவே இருந்தால் நல்லது. செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை ஏகமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் செங்கல் நிறத்தைக் கண்டாலே எனக்குக் கோபம் தலைக்கேறும். இவ்வளவு சொல்லியும் தின்றிருக்கிறானே என்று நோயாளி மேல்தான் கோபம் வரும். நோயின் மேல் வராது. அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு. உலகத்தில் எல்லாரும் பொய் சொல்கிறவர்கள், நான் ஒருவன்தான் சரி என்று நினைக்கிற வயது.

ஏழு பேரில் ஒருவர் மாசிலாமணி கிராணி. ரயில் சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி வேலை. நாற்பதை ஒட்டிய வயது, தணிந்த குரல், யாரையும் எதிர்த்துப் பேசாத மனிதர். மனைவி காமாட்சியம்மாளும் அவருமாக பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. நோய் முற்றி எடை பாதியாகக் குறைந்த பிறகுதான் எங்களிடம் வந்தார். அவருக்கு ஒரு நெருக்கடியும் இருந்தது. மாதக் கடைசியில் டாக்டர்கள் மூன்று பேர் உட்கார்ந்து, இந்த ஆள் இனி வேலைக்கு லாயக்கா என்று முடிவு செய்வதாக இருந்தது. லாயக்கில்லை என்றால் வேலையோடு வீடும் போகும். ஊருக்குக் கப்பல் ஏறவேண்டியதுதான். எட்டு வயதில் இங்கே வந்தவருக்கு ஊரில் யார் இருக்கிறார்கள்?

எங்கள் டாக்டர் ஒரு தாளில் இங்கிலீஷில் ஒன்பது வரி எழுதி என்னிடம் கொடுத்திருந்தார். ஊசி போட்டுக்கொள்கிறவர் ஒவ்வொருவருக்கும் அதைத் தமிழில் விளங்கச் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. சோற்றைக் குறை, கீரையும் பயற்றங்காயும் மீனும் முட்டையும் தாராளமாகச் சாப்பிடு, பலகாரம் தொடாதே என்று எட்டு வரி. ஒன்பதாவது வரி வேறு மாதிரி. ஊசி போட்டுக்கொண்டால் சாப்பிடாமல் இருக்கக் கூடாது. உடம்பு நடுங்கி வியர்த்தால் உடனே ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போட வேண்டும்.

அந்த ஒன்பதாவது வரியை நான் சொல்லவில்லை.

மறதியால் விட்டேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்க மாட்டேன். யோசித்தே விட்டேன். நம் ஜனங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? நடுக்கம் வந்தால் சர்க்கரை சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டால், தீபாவளிக்குத் தீபாவளி எல்லாருக்கும் நடுக்கம் வரும் என்று நானே எனக்குள் சிரித்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக என் சொந்தச் சரக்கு ஒன்றைச் சேர்த்தேன். சர்க்கரை உங்களுக்கு விஷம், ஒரு சிட்டிகைகூட விஷம்தான் என்று அடித்துச் சொன்னேன். கிராணிக்குச் சொன்னபோது காமாட்சியம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் சர்க்கரை டப்பாவே இருக்கக் கூடாது என்று அவரையும் பார்த்துச் சொன்னேன். அன்று சாயங்காலமே டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டு மெத்த சந்தோஷப்பட்டேன்.

தினமும் வாய்க்குள் போன இனிப்பை ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னதும் என் யோசனைதான். கிராணிக்கு எழுதுவது கைவந்த வேலை. முதல் வாரம் எழுதிய உண்மையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. கோப்பியில் சர்க்கரை இரண்டு கரண்டி. காதுகுத்து வீட்டில் லட்டு ஒன்றரை. மீதி அரையை வைத்துவிட்டேன் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. நான் சிவப்பு மையால் எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தேன். இரண்டாம் வாரம் கோப்பி வெறும் கோப்பியானது. சோறு ஒரு அகப்பைக்கு இறங்கியது. பாசாரிலிருந்து தினமும் கீரைக்கட்டு வந்தது. ஒருநாள் வாழைப்பழம் ஒன்று என்று எழுதியிருந்தார். அதையும் சிவப்பு மையால் அடித்தேன். பழமும் இனிப்புதானே கிராணியாரே என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு நோட்டில் வரிசையாகப் பூஜ்யம்தான். பதினோரு நாள் பூஜ்யம். அந்த நோட்டை மற்ற நோயாளிகளிடம் காட்டி, மனிதன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்தேன். நீல மருந்தில் வந்த செங்கல் நிறமும் மெல்ல மெல்லப் பச்சைக்கு, அதாவது கொஞ்சம் சர்க்கரைக்கு, இறங்கி வந்தது.

டாக்டர்கள் கூடுவதற்கு ஐந்து நாள் இருந்தது. அன்று கிருத்திகை. கிராணி காலை ஏழு மணிக்கு வழக்கம்போல ஊசிக்கு வந்தார். நெற்றி நிறைய விபூதி, துவைத்த வேட்டி. வேலைக்கு லீவு சொல்லியிருந்தார். நம் ஊர்க்காரன் கிருத்திகையன்று அந்தக் கோலத்தில் வந்தால் விரதம் என்று குழந்தைகூடச் சொல்லும். நான் பார்த்தேன், கேட்கவில்லை. ஊசியைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அவர் என்ன நினைத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஊசியும் சர்க்கரையைக் குறைக்கிறது, பட்டினியும் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் டாக்டர்கள் பார்க்கும்போது சிறுநீர் தண்ணீர்போல இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். முருகனுக்கும் வேண்டுதல் ஆயிற்று. விரதம் இருப்பவர்கள் பாலும் பழமும் எடுத்துக்கொள்வது வழக்கம். மற்ற கிருத்திகைகளில் அவரும் அப்படித்தான் செய்வார். இந்தக் கிருத்திகையில் அதையும் விட்டார். நான் சிவப்பு மையால் அடித்த பழம் அல்லவா?

பதினொரு மணி இருக்கும். டாக்டர் கிள்ளானில் ஒரு நோயாளியைப் பார்க்கக் காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் நான் மட்டும்தான். கிராணியின் பக்கத்து வீட்டுக்காரர், ரயில் இஞ்சின் டிரைவர், சைக்கிளைப் போட்டுவிட்டு மூச்சிரைக்க உள்ளே வந்தார். விரதத்தில் இருந்த கிராணிக்குச் சாமி வந்துவிட்டது என்று சொன்னார். உடம்பெல்லாம் நடுங்கியதாம், கண் ஒரு பக்கம் நின்றுவிட்டதாம், என்னென்னவோ உளறினாராம். அக்கம்பக்கம் கூடிக் கற்பூரம் காட்டி வாக்குக் கேட்டிருக்கிறார்கள். டிரைவரே தன் மகள் கல்யாணம் எப்போது என்று கேட்டிருக்கிறார். பிறகு கிராணி திடீரென்று கோயிலிலிருந்து வந்த பஞ்சாமிர்தப் பாத்திரத்தில் கையை விட்டாராம். கொஞ்ச நேரத்தில் மரம்போல விழுந்துவிட்டாராம்.

எனக்குப் பஞ்சாமிர்தம் என்ற ஒரு சொல்தான் காதில் ஏறியது. தின்றுவிட்டான். பதினோரு நாள் பூஜ்யமும் பொய். சர்க்கரை ஏறி மயக்கம் போட்டுவிட்டது. வழியெல்லாம் கோபம்தான். டிரைவரின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இந்த ஆளை டாக்டர்கள் முன்னால் இனி எப்படிக் காப்பாற்றுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். பையில் இன்சுலின் இருந்தது. இன்னொரு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று முடிவும் செய்துவிட்டேன். நோயாளியை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை, ஆனால் வியாதி என்ன, மருந்து என்ன, குற்றம் யாருடையது என்று எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது!

வீட்டுக்குள் கற்பூரப் புகை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். கிராணி தரையில் கிடந்தார். கூப்பிட்டேன், பதில் இல்லை. ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு அவர் கையைப் பிடித்துப் பஞ்சால் துடைத்தேன். துடைத்த இடம் ஈரமாக இருந்தது. மறுபடி துடைத்தேன். மறுபடி ஈரம். அப்போதுதான் மனிதரை முழுதாகப் பார்த்தேன். வேட்டி பிழியலாம்போல நனைந்திருந்தது. தலைமுடியிலிருந்து வேர்வை சொட்டியது. நெற்றி விபூதி கரைந்து காதுப் பக்கம் ஓடியிருந்தது. சர்க்கரை ஏறி மயங்கினவனின் தோல் காய்ந்து கிடக்கும். இது அது இல்லை.

காலையிலிருந்து என்ன சாப்பிட்டார் என்று காமாட்சியம்மாளைக் கேட்டேன்.

"ஒண்ணுமே இல்லைங்க ஐயா. பச்சத் தண்ணிகூட பல்லுல படல."

"பஞ்சாமிர்தம்?"

"கைய நீட்டுனாரு ஐயா. நடுங்கிக்கிட்டே நீட்டுனாரு. நான் விடல. கையிலேருந்து புடுங்கி சாக்கடையில கொட்டிட்டேன். நீங்க வெசம்னு சொன்னீங்கள்ல."

அதை அவர் பெருமையாகச் சொன்னார். அதுதான் இன்றும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. தன் புருஷனைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. அந்த மனிதரின் உடம்பு தனக்கு எது வேண்டும் என்று தானே கையை நீட்டிக் கேட்டிருக்கிறது. அந்தக் கையைத் தட்டிவிட்டது என் வாய். அது போதாதென்று மேலும் ஓர் ஊசியோடு நான் வந்து நிற்கிறேன். அந்த ஊசி உள்ளே போயிருந்தால் அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

ஊசியை மூலையில் எறிந்தேன். சர்க்கரை கொண்டுவாருங்கள் என்று கத்தினேன். அந்த வீட்டில் சர்க்கரை இல்லை. இருக்கக் கூடாது என்பது என் உத்தரவு. டிரைவர் தன் வீட்டுக்கு ஓடினார். அவர் போய் வந்த நேரம் ஒரு நிமிஷம் இருக்குமா? அந்த ஒரு நிமிஷத்தில் கிராணியின் மூச்சு இரண்டு தடவை நின்று நின்று வந்தது. எனக்குப் பிரார்த்தனைகூட வரவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரைவர் டப்பாவைத் திறந்து நீட்டினார். காமாட்சியம்மாள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வலுவான பிடி. நான் உதறியும் விடவில்லை.

"என்ன ஐயா செய்யிறீங்க? நீங்களே கொல்லப் பாக்குறீங்களா?"

தம்பிகளே, அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. டிரைவரை விட்டு அந்த அம்மாளைப் பிடித்து இழுத்துப் போகச் சொல்லியிருக்கலாம். டிரஸ்ஸர் சொன்னால் செய்வார்கள். ஏதாவது மழுப்பி, இது வேறு மருந்து என்று சொல்லியிருக்கலாம். மழுப்பத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்தப் பிடி தளராததைக் கண்டதும் பொய் வரவில்லை.

"நான் சொன்னது தப்பும்மா. டாக்டர் சொன்னத நான் முழுசா சொல்லல. இப்ப இவருக்கு சர்க்கரைதான் உயிரு. கைய விடுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னதை நம்பினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையை விட்டார்.

மயங்கிக் கிடப்பவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். அவரை ஒருக்களித்துப் போட்டு, விரலை நனைத்துச் சர்க்கரையில் தொட்டுக் கன்னத்தின் உட்புறம் தேய்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக. தேய்ப்பதும் பார்ப்பதும், தேய்ப்பதும் பார்ப்பதுமாக இருந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. கடைசியில் நாக்கு அசைந்து என் விரலைத் தேடியது. பிறகு விழுங்கினார். கால் மணி நேரத்தில் கண்ணைத் திறந்து, ஏன் இவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். என் சட்டையும் அவர் வேட்டிபோலவே நனைந்திருந்தது. டிரைவர்தான் கைகொடுத்துத் தூக்கினார். "என்ன டிரஸ்ஸர் ஐயா, சாமி ஒங்க மேல எறங்கிடுச்சா லா" என்று மெல்லக் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் டாக்டர் வந்தார். நாங்கள் கொண்டுவந்து சேர்த்த கிராணி வார்டில் சோறு சாப்பிட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் முதலில் கேட்டது, ஆள் திருட்டுத்தனமாக இனிப்புச் சாப்பிட்டானா என்றுதான். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், என் தலை தப்பும். கிராணியின் வேலை போய்விடும். எதிர்த்துப் பேசுகிற மனிதரும் இல்லை அவர். சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பிறகு நடந்ததைச் சொன்னேன். ஒன்பதாவது வரியைச் சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். மற்ற ஆறு பேருக்கு அந்த வரியைச் சொன்னாயா?

அந்த ஆறு பேரை நான் அதுவரை நினைக்கவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். சாலாக் செலாத்தானில் இரண்டு வீடு, கிள்ளானில் ஒன்று, மீதி மூன்றும் பிரிக்ஃபீல்ட்ஸைச் சுற்றி. கிள்ளானில் இருந்தவர் ஒரு மளிகைக்கடைக்காரர், தினமும் வர முடியாததால் வீட்டிலேயே தம்பி கையால் ஊசி போட்டுக்கொள்கிறவர். அவர் தம்பியிடம், நடுக்கமும் வேர்வையும் வந்தால் சர்க்கரை கொடுங்கள் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அண்ணனுக்கு அந்த மாதிரி இரண்டு தடவை வந்துவிட்டது, ஒருதடவை படியில் விழுந்து தோளெலும்பு பிசகிவிட்டது என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இனிப்புத் தின்றதாக நீங்கள் நாலு பேர் முன்னால் ஏசுவீர்கள் என்று அண்ணன் சொல்ல வேண்டாமென்றார் என்று பதில் வந்தது. அதைக் கேட்டுக்கொண்டு அந்த மளிகைக்கடையில் மூட்டைகளுக்கு நடுவே நின்றேன். நான் ஏசியிருப்பேன். அது உண்மைதான். இரண்டு தடவை நோய் எச்சரித்திருக்கிறது, இரண்டு தடவையும் என் கோபத்துக்குப் பயந்து அதை மறைத்திருக்கிறார்கள்.

டாக்டர்கள் கூடிய நாளில், விழுந்தது நோயாளியின் குற்றமில்லை, சிப்பந்தியின் தவறு என்று எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தார். கிராணிக்கு ஆறு மாதம் தவணை கிடைத்தது, பிறகு வேலையே நிலைத்தது. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு மூன்று வருஷம் தள்ளிப் போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை என்று பெரிய மனுஷன்போலச் சொல்ல மாட்டேன். வருத்தம் இருந்தது. ஆனால் நியாயம் என்றும் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து காமாட்சியம்மாள் தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதுவரை நான் அவரிடம் நேராக உட்கார்ந்து பேசியதே இல்லை. சமைப்பது அவர், பரிமாறுவது அவர். நான் பாடம் நடத்தியதெல்லாம் புருஷனுக்கு. அந்த அம்மாள் வாசலில் நின்று கேட்டதோடு சரி. அன்று நான் உட்காரச் சொல்லும்வரை அவர் காத்திருக்கவில்லை. எனக்கு எதிரே இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எது ஆகாதுன்னு அன்னிக்கி சொன்னீங்க. எப்ப ஆகும்னு இன்னிக்கி சொல்லுங்க."

டாக்டரின் தாளை எடுத்து ஒன்பது வரியும் சொன்னேன். கீரை, மீன், சோற்றின் அளவு, விரத நாளில் ஊசியை என்ன செய்வது, பழம் எப்போது சாப்பிடலாம், எல்லாம். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவர் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடித்தபின், விளங்கியதா என்று கேட்டேன். நான் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி அது. எல்லாரும் தலையாட்டுவார்கள்.

அவர் தலையாட்டவில்லை. நீங்கள் சொன்னதை நான் திரும்பச் சொல்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள் என்றார். மடியில் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துத் தொடங்கினார். நான் சொன்ன வரிசையில் சொல்லவில்லை.

"அவரு நடுங்கிக்கிட்டு கைய நீட்டுனா, குடுக்கணும்."

முதலில் வந்தது ஒன்பதாவது வரி. தப்பில்லை அம்மா, சரிதான் என்று சொல்லிவிட்டு மற்ற எட்டு வரியையும் கேட்டேன்.